குண்டுகள் ஓயும்வரை காத்திருக்காதவர்கள்

1988 மார்ச் 19. வட அயர்லாந்தின் மேற்கு பெல்ஃபாஸ்ட்டில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ.வின் உறுப்பினர் ஒருவரின் இறுதி ஊர்வலம். சாதாரண உடையில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தினர் இருவரின் கார் அதற்குள் புகுந்துவிட்டது. கூட்டம் அவர்களை வெளியே இழுத்து அடித்தது; ஐ.ஆர்.ஏ.வினர் சுட்டுக் கொன்றார்கள். வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்துக் காப்பாற்றப் பார்த்தார் பாதிரியார் அலெக் ரீட். உதட்டில் ரத்தத்தோடு அவர் மண்டியிட்டிருக்கும் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது.

அப்போது அவரிடம் ஓர் உறை இருந்தது அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியாது. ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமான சின் ஃபெய்ன், வன்முறையை வெறுத்த ஐரிஷ் தேசியவாதத் தலைவர் ஜான் ஹியூமுக்கு அனுப்பிய ஆவணம் அதில் இருந்தது. உறையில் ரத்தம் பட்டுவிட்டதால் வேறு உறையில் போட்டு ஹியூமிடம் சேர்த்தார் ரீட்.

வட அயர்லாந்தின் சமாதானத்தை 1998 ஏப்ரல் 10 புனித வெள்ளி ஒப்பந்தத்திலிருந்து எண்ணத் தொடங்குவது வழக்கம். உண்மையில் அது பத்து ஆண்டுகளுக்கு முன்பே, கொலைகள் நடந்துகொண்டிருக்கும்போதே தொடங்கியது. "முதலில் ஆயுதத்தைக் கீழே போடு, பிறகு பேசலாம்" என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஹியூமும் ரீட்டும் அதையே பிடித்துக்கொண்டிருந்தால் ஆயுதம் கீழே இறங்கியிருக்காது.

சின் ஃபெய்ன் தலைவர் ஜெரி ஆடம்ஸிடம் ஹியூம் வைத்த வாதம் எளியது. பிரிட்டன் தன் ஆதாயத்துக்காக அந்த மண்ணைப் பிடித்துவைத்திருக்கவில்லை. பிரிட்டனோடு இருக்க விரும்பும் ஒன்றியவாதிகள்தான் அங்கே பெரும்பான்மை, அவர்களைக் குண்டு வைத்து மனம் மாற்ற முடியாது. 1990 நவம்பரில் பிரிட்டிஷ் அமைச்சர் பீட்டர் புரூக், வட அயர்லாந்தில் பிரிட்டனுக்குச் சுயநலமான ராணுவ, பொருளாதார நோக்கம் எதுவும் இல்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தார். ஐ.ஆர்.ஏ. தன் போருக்குச் சொல்லிவந்த காரணம் அங்கேதான் ஆட்டம் கண்டது.

பேசியதற்கு விலை இருந்தது. 1993 அக்டோபர் 23 அன்று பெல்ஃபாஸ்ட்டின் ஷாங்கில் சாலையில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு, இரண்டு சிறுமிகள் உட்பட ஒன்பது பொதுமக்களைக் கொன்றது. குண்டு வைக்கப்போய்த் தானும் செத்தவனின் சவப்பெட்டியை ஆடம்ஸ் சுமந்தார். அடுத்த சனிக்கிழமையே கிரேஸ்டீல் ஊர் மதுக்கடையில் ஒன்றியவாத ஆயுதக் குழு எட்டுப் பேரைக் கொன்றது. ஆடம்ஸோடு உறவாடுகிறவர் என்று டப்ளின் பத்திரிகைகளே ஹியூமைக் கிழித்தன. கிரேஸ்டீல் இறுதிச் சடங்கில் இறந்தவர் ஒருவரின் மகள் ஹியூமிடம் வந்தார். அப்பாவின் சவப்பெட்டியைச் சுற்றி நின்று உங்களுக்காகத்தான் ஜெபித்தோம், உங்கள் முயற்சி பலிக்க வேண்டும் என்றார். ஹியூம் அங்கேயே உடைந்து அழுதார்.

கொலைகாரர்களோடு பேசுவது செத்தவர்களுக்குச் செய்யும் அவமானம் என்பவர்கள் அந்த மகளின் பேச்சுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் ஜான் மேஜர், ஆடம்ஸோடு பேசுவதை நினைத்தாலே குமட்டும் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். அவருடைய அரசுக்கும் ஐ.ஆர்.ஏ.வுக்கும் ரகசியத் தொடர்பு இருந்ததை அந்த மாதக் கடைசியில் 'அப்சர்வர்' ஞாயிறு இதழ் போட்டு உடைத்தது. அந்த ரகசியத்துக்காக மேஜரைக் குறை சொல்ல முடியாது. பேசுவதே பாவம் என்று மக்களை நம்பவைத்ததுதான் தவறு.

மறுபக்கத்து உழைப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பிரஸ்பிட்டீரியன் போதகர் ராய் மெகீ, ஒன்றியவாத ஆயுதக் குழுக்களிடம் அலுக்காமல் நடையாய் நடந்தார். 1994 ஆகஸ்ட் 31 அன்று ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் அறிவித்தது, ஆறு வாரங்களில் அந்தக் குழுக்களும் அறிவித்தன, அப்பாவிகளின் குடும்பங்களிடம் வருத்தமும் தெரிவித்தன. 1997இல் சின் ஃபெய்ன் பேச்சு மேசைக்கு வந்தபோது ஒன்றியவாதத் தலைவர் இயன் பெய்ஸ்லியின் கட்சி வெளியேறியது. இன்னொரு ஒன்றியவாதக் கட்சியின் தலைவர் டேவிட் டிரிம்பிள் உள்ளே போனார். ஆடம்ஸுக்குக் கை கொடுக்கவில்லை. ஆனால் ஒரே அறையில் உட்கார்ந்தார். அதற்கே அவரைத் துரோகி என்றார்கள்.

ஒப்பந்தம் ஆன பிறகு ஹியூமும் டிரிம்பிளும் நோபல் பரிசு பெற்றார்கள். வாக்குச் சாவடி அவர்களுக்கு அந்த மரியாதையைத் தரவில்லை. 2001 பொதுத்தேர்தலில் ஹியூமின் கட்சியைச் சின் ஃபெய்ன் முந்தியது; 2005இல் டிரிம்பிள் தன் நாடாளுமன்ற இடத்தையே இழந்தார். எங்காவது ஒருவர் எதிரியோடு மறைவாகப் பேசுகிறார் என்ற செய்தி வந்தால், அவரைத் துரோகி என்று எழுதுவதற்கு முன் பத்திரிகைகள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். வாசகர்களும் பொறுக்க வேண்டும்.