புதிய நுட்பத்துக்கும் ஜாமீன் கேட்போம்

நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுபவன். மென்பொருள் நுட்பம் பற்றி நான் எழுதினால் நிரல் எழுதும் நண்பர்கள் ஆட்டோ அனுப்பக்கூடும். இருந்தாலும் சொல்ல ஒரு கதை இருக்கிறது.

2008-ல் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், கும்பகோணத்தில். நாங்களோ புனே, தில்லி, கொல்கத்தா என்று ஆளுக்கொரு திசை. எல்லோரும் பார்க்கட்டும் என்று சித்தப்பா பையன் ஃப்ளாஷில் ஓர் ஆல்பம் செய்து வலையேற்றினான். பக்கம் புரளும், நாதஸ்வரம் ஒலிக்கும், கடைசியில் அப்பா தன் குரலில் "பொங்கலுக்கு எல்லோரும் வந்து சேருங்கப்பா" என்பார். அன்றைக்குப் பளபளப்பு என்றால் ஃப்ளாஷ்தான். சாதா ஹெச்டிஎம்எல் போதும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

2020 டிசம்பர் 31-உடன் அடோபி ஃப்ளாஷைக் கைகழுவியது. 2021 ஜனவரி 12 முதல் ப்ளேயரே எதையும் ஓட்ட மறுத்தது. மறு வருடம் அப்பா காலமானார். காரியம் முடிந்ததும் அக்கா போனில், "டேய், அப்பா பேசுவாரே, அதை அனுப்புடா" என்றாள். திறந்தால் வெறும் கட்டம்.

ஃப்ளாஷ் மட்டுமா? மைக்ரோசாஃப்ட் 2007-ல் கொண்டுவந்த சில்வர்லைட்டுக்கு 2021 அக்டோபரில் மூடுவிழா. ஆக்டிவ்எக்ஸை நம்பி எழுதிய அலுவலகத் திரைகள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை நம்பியே இருந்தன. அதன் 11-ஆம் பதிப்பும் 2022 ஜூன் 15-ல் ஓய்வு பெற்றது. ஆனால் அதே கல்யாணத்தின் ஜேபெக் படங்கள் இன்றும் அப்படியே திறக்கின்றன. காரணம் எளிது. அது பொதுத் தரம். அதைப் படிக்கும் மென்பொருளை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஒரு கம்பெனி கடையைச் சாத்தினாலும் படம் பிழைத்துக்கொள்ளும்.

கடன் கேட்டு வருபவர் எவ்வளவு பகட்டாக வந்தாலும் நாங்கள் சில கேள்விகள் கேட்போம். இதுவரை வரவு செலவு எப்படி? பணம் திரும்பாவிட்டால் என்ன ஜாமீன்? புதிய நுட்பத்தையும் இப்படித்தான் கேட்க வேண்டும். இது யாருக்குச் சொந்தம்? அவர் கைவிட்டால் என் தரவை வெளியே எடுக்க வழி உண்டா? பதில் இல்லையென்றால் விளையாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், வீட்டுப் பொக்கிஷத்தை அதில் வைக்கக் கூடாது.

அதற்காகப் புதுசே வேண்டாம் என்கிற கட்சி இல்லை நான். பரணில் கிடந்த சிடியில் பழைய ஃப்ளாஷ் கோப்பு இருந்தது. ரஃபிள் என்ற கட்டற்ற மென்பொருளில் போட்டதும் ஓடியது. உலாவிக்குள் அது இயங்குவது வெப்அசெம்ப்ளியால். 2019-ல்தான் டபிள்யூ3சி அதைப் பொதுத் தரமாக ஏற்றது. புதுசுதான், ஆனால் ஜாமீன் உள்ள புதுசு!

அப்பாவின் குரலைத் தனியே எம்பி3 ஆக்கி அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய சிடி இருக்கும். இந்த ஞாயிறு ஒருமுறை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.