ரேஷன் அரிசியும் ஜெனீவாக் கணக்கும்

கரமனையிலும் சுற்று வட்டாரத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பல இன்றும் சோற்றுக்கான அரிசியைப் பலசரக்குக் கடையில்தான் வாங்குகின்றன. ரேஷன் அட்டை இல்லையா என்று கேட்டால், ஊரில் இருக்கிறது என்பார்கள். நாகர்கோவிலிலோ தென்காசியிலோ வீட்டுப் பெரியவர்களிடம் அட்டை இருக்கும். சித்தாள் வேலை, சுமைவேலை, பூ வியாபாரம், இஸ்திரி என்று பிழைக்க வந்தவர்களிடம் அன்றாடக் கூலிதான் இருக்கும். அந்தக் கூலியில் பெரும்பங்கு அரிசிக்கே போய்விடும்.

இதை வெறும் அட்டைப் பிரச்சினையாக மட்டும் பார்த்தால் பாதிதான் விளங்கும். ரேஷன் கடையில் யாருக்கு, எவ்வளவு, என்ன விலைக்கு என்பதைத் திருவனந்தபுரமும் டில்லியும் மட்டும் தீர்மானிப்பதில்லை. கடன் கொடுக்கும் நிறுவனங்கள் அமர்ந்திருக்கும் வாஷிங்டனுக்கும், வாணிப விதிகளைப் பேசி முடிக்கும் ஜெனீவாவுக்கும் அதில் பங்கு உண்டு. இந்த இரண்டு இடங்களிலிருந்தும் ஏழை நாடுகளுக்குத் திரும்பத் திரும்ப வரும் யோசனை ஒன்றுதான்: எல்லோருக்கும் தானியம் கொடுக்காதே, பொறுக்கி எடுத்துச் சிலருக்குக் கொடு, முடிந்தால் தானியத்துக்குப் பதிலாகக் காசு கொடு. இந்த யோசனை உழைப்பவன் வயிற்றைக் காப்பாற்றவில்லை. வரலாற்றைப் பார்த்தே இதைச் சொல்கிறோம்.

இலங்கை கற்ற பாடம்

முதலில் கடலுக்கு அப்பால் பார்ப்போம். 1950-களின் தொடக்கத்தில் இலங்கையில் அரிசி மலிவு விலைக்குப் பங்கீடு செய்யப்பட்டு வந்தது. கொரியப் போர்க் காலத்தில் ஏறிய ரப்பர் விலை இறங்கியதும் அந்நாட்டின் அன்னியச் செலாவணி கரைந்தது. மானியத்தைக் குறைக்க வேண்டும் என்பதே உலக வங்கிக் குழுவின் ஆலோசனையாக இருந்தது. 1953-ல் அரசாங்கம் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று நாடு ஹர்த்தாலில் இறங்கியது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

எதிர்ப்பு வலுவாக இருந்ததால் பங்கீடு பிழைத்தது. ஆனால் 1977-க்குப் பிறகு, சர்வதேச நிதியத்தின் கடனோடு திறந்த பொருளாதாரம் வந்தபோது, வேறொரு வழி கண்டுபிடித்தார்கள். 1979-ல் அரிசிப் பங்கீட்டை எடுத்துவிட்டு ஏழைகளுக்கு மட்டும் உணவு முத்திரை என்றார்கள். முத்திரையின் மதிப்பு ரூபாயில் நிலையாக எழுதப்பட்டிருந்தது. கடையில் விலைவாசி நிலையாக நிற்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் அந்த முத்திரையால் வாங்க முடிந்தது முன்பு வாங்கியதில் ஏறக்குறைய பாதிதான். யாரும் மானியத்தை வெட்டவில்லை, விலையேற்றமே அதை வெட்டிவிட்டது. 1953-ல் தெருவுக்கு வந்த மக்கள், 1979-க்குப் பின் எதை எதிர்த்து வருவது என்று தெரியாமல் திகைத்தார்கள்.

கேரளம் இழந்தது

கேரளத்தின் கதையும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. இந்த மாநிலம் தனக்கு வேண்டிய நெல்லை விளைவிப்பதில்லை. இங்குள்ள மண்ணில் பெரும்பங்கு தென்னை, ரப்பர், தேயிலை, மிளகு என்று சந்தைப் பயிருக்குப் போனது. அந்தச் சரக்கு நாட்டுக்கு அன்னியச் செலாவணி ஈட்டித் தந்தது. அதற்கு ஈடாக மத்திய அரசு அரிசி தரவேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. 1964-65 முதல் கேரளத்தில் அநேகமாக எல்லாக் குடும்பங்களுக்கும் ரேஷன் அட்டை கிடைத்தது. பணக்காரனும் ஏழையும் ஒரே வரிசையில் நின்றதால் கடைக்காரர் அளவைக் குறைக்கத் தயங்கினார்.

1991-ல் நாடு கடன் நெருக்கடியில் விழுந்தது. அடகுக் கடைக்குப் போகும் குடும்பம் போலவே, சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் ஈடாக வைத்து டில்லி டாலர் வாங்கியது. சர்வதேச நிதியத்திடமும் கடன் வாங்கியது. கடன் கொடுப்பவர் வட்டியோடு நிற்பதில்லை. குடும்பத்தை எப்படி நடத்துவது என்றும் சொல்லுவார். செலவைச் சுருக்கு, மானியத்தை வெட்டு என்றார்கள். 1990-ல் குவிண்டாலுக்கு 289 ரூபாயாக இருந்த சாதாரண அரிசியின் மத்திய வழங்கல் விலை, 1994 பிப்ரவரியில் 537 ரூபாய் ஆனது.

அடுத்த அடி 1997 ஜூனில் விழுந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே ஒரு விலை, மேலே ஒரு விலை என்று அட்டைகள் பிரிக்கப்பட்டன. உலக வங்கி நிபுணர்களும் அந்த ஆண்டுகளில் இதையேதான் வற்புறுத்தி வந்தார்கள். 2000 ஏப்ரலில் கோட்டுக்கு மேலே உள்ளவர்களுக்கு அரசின் முழு அடக்க விலை வைக்கப்பட்டது. கீழே உள்ளவர்களுக்கும் அரிசி கிலோ 3.50-லிருந்து 5.90 ரூபாய்க்கு ஏறியது. ரேஷன் விலையும் வெளிச் சந்தை விலையும் பக்கத்தில் பக்கத்தில் வந்ததும் கேரளத்துக் கடைகளில் மேல்கோட்டு விற்பனை படுத்தது. விற்பனை இல்லாத கடைக்காரர் எப்படிப் பிழைப்பார்?

வாங்க ஆளில்லாமல் தானியம் என்ன ஆயிற்று? 2002 ஜூலையில் இந்திய உணவுக் கழகத்தின் கையிருப்பு 6 கோடி டன்னுக்கு மேல் குவிந்தது. அதில் ஒரு பகுதியை, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள நம் மக்களுக்கு விற்கும் விலையை ஒட்டிய விலையில், வெளிநாட்டுக்கு ஏற்றி அனுப்பினார்கள். சொந்த நாட்டுக் கூலித் தொழிலாளி கோட்டுக்கு மேலே இருக்கிறான் என்று கூடுதல் விலை கேட்ட அரசு, வெளிநாட்டு வியாபாரிக்கு ஏழையின் விலை போட்டுக் கொடுத்தது. அன்னியர்மீது பழிபோட்டுவிட்டு இதிலிருந்து நம் ஆட்சியாளர்கள் தப்பிக்க முடியாது. கையெழுத்து அவர்களுடையது.

அதே காலத்தில் தமிழ்நாடு அட்டைகளைக் கோடு போட்டுப் பிரிக்க மறுத்தது. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைகளுக்கு விலையில்லாமலே அரிசி கொடுக்கிறது. மனமிருந்தால் ஒரு மாநிலம் மாற்று வழியில் போக முடியும் என்பதற்கு நம் ஊரே சாட்சி.

பழைய தராசு

இனி ஜெனீவாவுக்கு வருவோம். உலக வர்த்தக அமைப்பு 1995 ஜனவரி 1 அன்று தொடங்கியது. அதன் வேளாண்மை உடன்படிக்கையின்படி, அரசு அறிவித்த விலைக்கு விவசாயியிடம் தானியம் வாங்கிச் சேமித்தால், அந்த விலைக்கும் ஓர் 'ஆதார விலை'க்கும் உள்ள வித்தியாசம் மானியமாகக் கணக்கிடப்படும். இந்தியா போன்ற நாட்டுக்கு அந்த மானியம் அந்தப் பயிரின் மொத்த உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

ஆதார விலை எந்த ஆண்டின் விலை தெரியுமா? 1986 முதல் 1988 வரையிலான விலை. அரிசிக்கு டன் ஒன்றுக்கு ஏறக்குறைய 262 டாலர். அன்றைய ரூபாயில் கிலோ மூன்றரை ரூபாய். 2025-26 பருவத்துக்கு நெல்லுக்கே கிலோ 23.69 ரூபாய் ஆதரவு விலை அறிவித்திருக்கிறார்கள். உரமும் டீசலும் கூலியும் இன்றைய விலையில் இருக்க, தராசில் மட்டும் நாற்பது ஆண்டுக்கு முந்தைய படிக்கல்லைப் போடுகிறார்கள்.

இந்தியா டாலரில் கணக்குக் காட்டுவதால் ஓரளவு தாக்குப்பிடித்தது. அப்படியும் 2018-19-ல் அரிசி உற்பத்தி மதிப்பு 4,367 கோடி டாலர், மானியம் 500 கோடி டாலர் என்று வந்து, 10 சதவீத வரம்பு உடைந்தது. 2013 டிசம்பரில் பாலித் தீவு மாநாட்டில் பெற்ற 'சமாதான ஷரத்து' இல்லாவிட்டால் நம்மீது வழக்கு வந்திருக்கும். நிரந்தரத் தீர்வு வரும்வரை அந்த ஷரத்து நீடிக்கும் என்று 2014 நவம்பரில் முடிவாயிற்று. அதுவும் 2013 டிசம்பருக்கு முன்பே நடைமுறையில் இருந்த திட்டங்களுக்குத்தான் பொருந்தும். 2024-ல் அபுதாபியில் கூடிய அமைச்சர்கள் மாநாடும் தீர்வு காணாமலே கலைந்தது.

அமெரிக்காவிலும் ஏழைகளுக்கு உணவு உதவி உண்டு. மின்னட்டையில் பணம் ஏற்றித் தருகிறார்கள், அவர்கள் கடையில் வாங்கிக்கொள்கிறார்கள். அந்தச் செலவு 'பச்சைப் பெட்டி'யில் சேர்க்கப்பட்டிருப்பதால் அதற்கு உச்சவரம்பே கிடையாது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

எதிர்த் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. உலகச் சந்தையில் மிக அதிகமாக அரிசி விற்கும் நாடு இன்று இந்தியாதான். இந்திய அரசின் ஆதரவில் விளைந்த அரிசி வெளியே மலிவாக வந்தால் தாய்லாந்து விவசாயி என்ன செய்வான் என்று கேட்கிறார்கள். அவனும் உழைப்பாளிதான், கேள்வி சரியானதே. அப்படியானால் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதிக்கட்டும். 2002-ல் நடந்தது போன்ற ஏற்றுமதியை நாமும் எதிர்க்கிறோம். அதற்காகக் கரமனை ரேஷன் கடைக்கு வரும் மூட்டையைக் குற்றப் பொருளாக எண்ணுவது என்ன நியாயம்?

காசா, அரிசியா?

ஆக, காசு கொடுத்தால் தடையில்லை, தானியம் கொள்முதல் செய்து கொடுத்தால் வரம்பு என்று விதி இருக்கிறது. இந்தச் சரிவில் நம் ஆட்சியாளர்களும் அவ்வப்போது சறுக்குகிறார்கள். 2015 செப்டம்பரில் மத்தியத் திட்டப்படி புதுச்சேரியில் தானியத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடத் தொடங்கினார்கள். ரேஷன் கடைகள் மூடிக் கிடந்தன. மக்கள் அரிசிதான் வேண்டும் என்று கேட்டார்கள். 2024-ல்தான் கடைகள் மறுபடி திறந்தன. கணக்கில் விழும் காசு கடனுக்கும் மருந்துக்கும் கரையும், விலை ஏறினால் அளவு குறையும் என்பதைக் குடும்பம் நடத்தும் பெண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அரசு கொள்முதலை நிறுத்தினால் தஞ்சாவூர் விவசாயியும் வியாபாரி சொன்ன விலைக்கே விற்கவேண்டி வரும்.

ரேஷனில் திருட்டு இல்லையா என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. தமிழ்நாட்டு ரேஷன் அரிசி களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குக் கடத்தப்படுவதும், அவ்வப்போது பிடிபடுவதும் பத்திரிகையில் வரும் செய்திதான். நாம் வந்த அதே சாலையில் நம் அரிசியும் வருகிறது, ஆனால் கடத்தல்காரன் கைவழியாக வந்து பாலிஷ் போட்டுக் கடையில் விலைக்கு நிற்கிறது. அட்டைக்காரன் இருக்கும் இடத்தில் அரிசி கிடைத்தால் இந்தக் கடத்தலில் ஒரு பகுதியாவது தானாகவே குறையும்.

நாம் செய்யவேண்டியது

'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டப்படி, தமிழ்நாட்டு அட்டையில் பி.எச்.எச். என்றோ அந்தியோதயா என்றோ இருந்தால், கேரளத்து ரேஷன் கடையில் கைரேகை வைத்துத் தானியம் வாங்கலாம். பி.எச்.எச். அட்டைக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ, விலையில்லை. குடும்பத்தில் சிலர் ஊரிலும் சிலர் இங்கும் தத்தம் பங்கை வாங்கிக்கொள்ளலாம். ஆதார் இணைந்திருக்க வேண்டும். ஆகவே நம் வாசகர்கள் முதலில் ஊரில் உள்ள அட்டையை எடுத்து அதில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இது நாம் கெஞ்சிப் பெறும் சலுகை இல்லை, சட்டம் தரும் உரிமை. இத்திட்டத்தை எல்லா மாநிலங்களும் நிறைவேற்ற வேண்டும் என்று 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது.

ஆனால் தமிழ்நாட்டில் முன்னுரிமை பெறாத அட்டைக்கு மாநில அரசு கொடுக்கும் அரிசி எல்லை தாண்டி வராது. உணவுப் பாதுகாப்புச் சட்டமும் இன்னும் 2011 மக்கள் தொகைக் கணக்கை வைத்தே ஆட்களை எண்ணுகிறது. இச்சட்டம் 2016-ல் இங்கே நடைமுறைக்கு வந்தபோது கேரளத்தின் ஆண்டு ஒதுக்கீடு 16.25 லட்சம் டன்னிலிருந்து 14.25 லட்சம் டன்னாகக் குறைந்தது. நம் பிள்ளைகளில் பலர் அதற்குப் பின் பிறந்தவர்கள், அல்லது அதற்குப் பின் இங்கு வந்தவர்கள்.

எனவே நாம் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். எந்த மாநிலத்து அட்டையானாலும், எந்த வகை அட்டையானாலும், வேலை செய்யும் இடத்தில் அரிசி கிடைக்க இரு மாநில அரசுகளும் உடன்பாடு செய்யட்டும். அதில் தமிழ்நாட்டின் செலவு எவ்வளவு, கேரளத்தின் செலவு எவ்வளவு என்பதை அவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். இரண்டாவதாக, புதிய மக்கள் தொகையை வைத்து ஒதுக்கீட்டை உயர்த்தட்டும். மூன்றாவதாக, ஜெனீவாவில் 1986-88 விலை மாறும்வரை, பொதுச் சேமிப்புக்கு நிரந்தரத் தீர்வு கிடைக்கும்வரை, இந்திய அரசு வேறு சலுகைக்காக இதை விட்டுக்கொடுக்காமல் நிற்கட்டும்.

கேரளத்து உழைப்பாளிக்கும் இதே கோரிக்கைதான். 1997-ல் பறிபோனது அவருடைய அரிசியும்தான். மலையாளி, தமிழன் என்று வரிசையைப் பிரிக்க வருபவர்களிடம் இதைச் சொல்லுவோம். வாடகை வீட்டுக்காரரிடமும் வேலைத்தளத்துத் தோழரிடமும் இந்தக் கணக்கை எடுத்துப் பேசுங்கள். ஊரிலிருக்கும் அட்டையை இந்த மாதமே பாருங்கள். இங்குள்ள கடையில் அரிசி கொடுக்க மறுத்தால் நாளையும் கடையின் எண்ணையும் குறித்துவைத்து சங்கத்துக்குத் தெரிவியுங்கள். வழங்கல் அலுவலகத்துக்கு ஒருவராகப் போகாமல் சேர்ந்தே போவோம்.