ரக்பி உலகக் கோப்பை: பாதி சீட் முன்பதிவு!

2023 அக்டோபரில் தொடங்கி 2025 ஜூலை வரை வேல்ஸ் ரக்பி அணி வரிசையாக 18 சர்வதேச ஆட்டங்களில் தோற்றது. ஒரு ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை. ஆனாலும் 2027-ல் ஆஸ்திரேலியாவில் நடக்கும் உலகக் கோப்பையில் வேல்ஸுக்கு இடம் கிடைக்குமா என்று யாரும் கவலைப்படவில்லை. 2023 உலகக் கோப்பையில் அந்த அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்திருந்தது. டிக்கெட் அன்றைக்கே கன்ஃபர்ம்!

விதி இதுதான். 2023-ல் ஆடியவை 20 அணிகள், பிரிவுக்கு 5 வீதம் நான்கு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று இடம் பிடித்த அணிகளுக்கு அடுத்த உலகக் கோப்பையில் நேரடி இடம். ஆக 12 அணிகள் உள்ளே. 2027-ல் மொத்தம் 24 அணிகள் என்று கூட்டியிருக்கிறார்கள். மீதி 12 இடங்களுக்குத்தான் உலகம் முழுக்க அடிதடி.

அந்த அடிதடி எப்படி இருக்கும் என்று பாருங்கள். ஆப்பிரிக்காவுக்கு நேரடியாக ஒரே ஒரு இடம். 1999 முதல் 2023 வரை ஒரு உலகக் கோப்பையைக்கூடத் தவறவிடாத நமீபியாவும், 1991-க்குப் பிறகு உலகக் கோப்பைப் பக்கமே வராத ஜிம்பாப்வேயும் 2025 ஜூலையில் கம்பாலாவில் மோதின. ஜிம்பாப்வே 30-28 என்று ஜெயித்தது. இரண்டே பாயிண்ட் வித்தியாசத்தில் ஒரு நாட்டின் கால் நூற்றாண்டு வழக்கம் முடிந்துபோனது. ஆசியாவிலும் அதே கதை. ஜப்பான் ஏற்கெனவே உள்ளே இருந்ததால், மீதி இருந்த ஒரு இடத்துக்கு ஹாங்காங், தென் கொரியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை ஆகிய நான்கும் ஆடின. ஹாங்காங் முதல் முறையாக உலகக் கோப்பைக்குப் போகிறது. 2023-க்கான தகுதிச் சுற்றில் சிலியும் அமெரிக்காவும் ஆடிய இரண்டு ஆட்டங்களையும் கூட்டினால் ஸ்கோர் 52-51. அந்த ஒரு பாயிண்டில்தான் சிலி தன் முதல் உலகக் கோப்பையைப் பார்த்தது.

இவர்களெல்லாம் ஒரு பாயிண்டுக்கும் இரண்டு பாயிண்டுக்கும் உயிரைக் கொடுத்து ஆடும்போது, மேலே இருக்கும் 12 அணிகள் நான்கு வருஷம் நிம்மதியாக இருக்கின்றன. இதில் என்ன நியாயம்?

போர்ச்சுகல் கதை இன்னும் கொடுமை. 2023-ல் வேல்ஸ் இருந்த அதே பிரிவில் ஆடிய அணி அது. ஜார்ஜியாவோடு 18-18 என்று டிரா செய்தது. ஆஸ்திரேலியாவையே தோற்கடித்திருந்த ஃபிஜியை 24-23 என்று சாய்த்தது. ஆனாலும் பிரிவில் நான்காவது இடம்தான். தோற்ற ஃபிஜிக்கு நேரடி இடம், ஜெயித்த போர்ச்சுகல் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து. நல்லவேளை, 2025-ல் ஐரோப்பியத் தகுதிச் சுற்றில் தேறி உள்ளே வந்துவிட்டது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1987-ல் நடந்த முதல் உலகக் கோப்பைக்குத் தகுதிச் சுற்றே கிடையாது, அழைக்கப்பட்ட 16 நாடுகள் போய் ஆடின. மேற்கு சமோவாவுக்கு அழைப்பு வரவில்லை. 1991-ல் தகுதிச் சுற்று வழியாக வந்த அதே மேற்கு சமோவா, கார்டிஃபில் வேல்ஸை 16-13 என்று வீழ்த்தியது. கதவைத் திறந்தால் யார் வருவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

1999-ல் நேரடி இடம் நான்கே நான்கு அணிகளுக்குத்தான்: முந்தைய கோப்பையின் முதல் மூன்று அணிகள், போட்டியை நடத்திய வேல்ஸ். இங்கிலாந்துகூட தகுதிச் சுற்றில் ஆடித்தான் வந்தது. பிறகு 2003-ல் அந்த எண்ணிக்கை எட்டானது. 2011 முதல் பன்னிரண்டு. விளையாட்டு உலகமெங்கும் பரவுகிறது என்கிறார்கள், முன்பதிவு சீட்டும் கூடவே பரவுகிறது.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. 1998-ல் நடந்த அந்தத் தகுதிச் சுற்றில் இங்கிலாந்து நெதர்லாந்தை 110-0 என்று நசுக்கியது. இப்படி ஒரு ஆட்டத்தால் யாருக்கு என்ன லாபம்? நியாயமான கேள்விதான். ஆனால் அதே சுற்றில் இத்தாலியோடு இங்கிலாந்து 23-15 என்றுதான் ஜெயிக்க முடிந்தது. ஆக, தகுதிச் சுற்றைக் குறை சொல்வதைவிட, பெரிய அணியை எந்தக் கட்டத்தில் இறக்குகிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் மட்டும் இறக்கினால் 110-0 வராது.

இன்னொன்று, அடி வாங்காமல் யாரும் வளர்ந்ததில்லை. 1995-ல் நியூசிலாந்திடம் 145-17 என்று தோற்ற ஜப்பான்தான் 2015-ல் தென்னாப்பிரிக்காவை 34-32 என்று வென்றது. 2019-ல் காலிறுதிக்கே போனது.

கால்பந்தைப் பாருங்கள். 2006 முதல் நடப்புச் சாம்பியனுக்குக்கூட நேரடி இடம் கிடையாது, போட்டியை நடத்தும் நாட்டுக்கு மட்டும்தான். 2006-ல் கோப்பையை வென்ற இத்தாலி, 2018-லும் 2022-லும் தகுதி பெறாமல் வீட்டில் உட்கார்ந்தது. உலகக் கோப்பை ஒன்றும் இடிந்து விழவில்லை.

ரக்பியிலும் செய்யலாம். முந்தைய கோப்பையின் அரையிறுதி அணிகள் நான்கு, நடத்தும் நாடு ஒன்று. இவை போதும். மற்ற எல்லோரும் தகுதிச் சுற்றின் கடைசிக் கட்டத்தில் ஆடட்டும். ஐரோப்பாவின் ஆறு நாடுகள் போட்டியில் ஜார்ஜியாவுக்கு இன்றுவரை இடமில்லை. ஆனால் 2022-ல் பதூமியில் இத்தாலியை 28-19 என்றும், கார்டிஃபில் வேல்ஸை 13-12 என்றும் ஜெயித்துக் காட்டிய அணி அது. உலகக் கோப்பை இடத்துக்காக வேல்ஸ் திபிலிசிக்குப் போய் ஆட வேண்டும் என்றால் அங்கே ஸ்டேடியம் நிரம்பும், டிக்கெட் விற்கும், டிவி உரிமைக்கு விலை கிடைக்கும். சின்ன நாட்டு ரக்பிக்கு நன்கொடையைவிட இந்த வருமானம்தான் நிலைக்கும்.

கிளப் போட்டிகள் நிறைந்த காலண்டரில் இதற்கு நாள் ஒதுக்குவது சுலபமில்லை. ஆனால் பெரிய அணிகள் வழக்கமாக நவம்பரில் சர்வதேச ஆட்டங்கள் ஆடத்தான் செய்கின்றன. அந்த நாட்களில் சிலவற்றைத் தகுதிச் சுற்றுக்குக் கொடுத்தால் போதும்.

அப்படி ஒரு சுற்று இருந்திருந்தால், 18 ஆட்டம் தோற்ற வேல்ஸும் 2027-க்குள் வந்திருக்கலாம். ஆனால் ஆடி ஜெயித்து வந்திருக்கும்.