தலைக்காசு மறுபடியும் வருகிறது

"அத்தை, ஒரு பிரான்சைஸ் கடை எடுக்கணும்னா பல லட்சம் வேணும். வாடகை, கரண்ட் பில், வேலையாள் சம்பளம் வேற. இதுக்கு ஒண்ணும் வேணாம். வீட்டிலேயே இருந்து செய்யலாம். ஒரு தடவை காசு கட்டுங்க, கீழே அஞ்சு பேரைச் சேருங்க, அப்புறம் தூங்கும்போதும் காசு வரும்."

எங்கள் டிவிஷனுக்கு இந்தப் பேச்சு முருங்கனிலிருந்து போனில் வந்தது. பேசியவன் அந்நியன் அல்ல. வன்செயலுக்குப் பயந்து தோட்டத்தை விட்டு வன்னிக்கும் மன்னாருக்கும் போய்க் குடியேறிய நம் சனத்தின் பிள்ளை. கேட்டவர் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்து, அப்போதுதான் சேமலாப நிதிப் பணத்தைக் கையில் வாங்கியிருந்த அம்மா. பணத்தில் பெரும்பகுதி போய்விட்டது. அந்தப் பையனைத் திட்டி என்ன பயன்? அவனைச் சேர்த்துவிட்டவர் பேசாலையில் மீன்பிடிக்கிறவர். படகு இஞ்சினுக்கு என்று வைத்திருந்த காசைக் கட்டிவிட்டு, அதைத் திருப்பி எடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

2023 ஜூலை 28 இல் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12 இல் மாத்தளையில் முடிந்த நடைபயணத்தை நாம் மறக்கவில்லை. நம் முன்னோர் வந்த 200 வருடத்தை நினைத்து நடந்தோம். அதே ஆகஸ்டில்தான் எம்டிஎப்ஈ என்ற செயலி இலங்கையிலும் பங்களாதேசிலும் நைஜீரியாவிலும் கவிழ்ந்தது. அது தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டம் என்று மத்திய வங்கி பெயர் சொல்லி அறிவித்தது. பாஸ்ட் த்ரீ சைக்கிள், ஒன்மெக்ஸ் டீடீ போன்ற பெயர்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

மன்னார்க் கரையில் நம்மவர்களை இறக்கியவன் யார்? கங்காணி. அவனும் அந்நியன் அல்ல, ஊர்க்காரன், சாதிசனம். தேயிலைக்கடியில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லித்தானே கூட்டி வந்தான்! ஆள் பெரட்டுக்கு வந்தால் தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குத் தலைக்காசு. சில்லறைக் கங்காணிக்கு மேல் பெரிய கங்காணி, அவனுக்கு மேல் துரை. வழிச்செலவும் அரிசியும் கம்பளியும் தொழிலாளி பெயரில் கடனாக ஏறின. அந்தக் கடன் துண்டுச் சீட்டாகத் தோட்டத்துக்குத் தோட்டம் கூடவே போனது. 1921 இல் துண்டு முறையைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். இன்று 'அப்லைன்', 'டவுன்லைன்' என்கிறார்கள். கங்காணியிடம் கொடுக்க வேலையாவது இருந்தது. இவர்களிடம் அதுவும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைப் போடச் சொன்னோம். ஒருவர் 5 பேரைச் சேர்க்க வேண்டும், அந்த 5 பேரும் ஆளுக்கு 5 பேரை. 5, 25, 125, 625. நான்காம் படியிலேயே ஒரு டிவிஷன் போதாது. பத்தாம் படியில் 97 லட்சத்து 65 ஆயிரத்து 625 பேர் வேண்டும். பதினோராம் படிக்கு நாலு கோடியே 88 லட்சத்துக்கு மேல். இலங்கை முழுவதும் இருப்பதே இரண்டு கோடிச் சொச்சம்! எங்கே நின்றாலும், கடைசிப் படியில் நிற்பவர்கள்தான் மேலே உள்ள எல்லாப் படிகளையும் சேர்த்ததைவிட அதிகம். அவர்களுக்குக் கீழே சேர்க்க ஆள் இல்லை.

"நாங்கள் சோப்பும் சத்துமாவும் விற்கிறோம், இது பிரமிட் இல்லை" என்று சிலர் வாதாடுவார்கள். நேரடியாகப் பொருள் விற்பது குற்றமில்லை. ஆனால் அந்தச் சத்துமாவை, சங்கிலியில் சேராத ஒருவர் கடை விலைக்கு வாங்குவாரா? வருமானம் விற்ற பொருளிலிருந்து வருகிறதா, சேர்த்த ஆளிலிருந்து வருகிறதா? வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு பார்ப்பதும் இதைத்தான். பங்கேற்பவர் பணம் கட்ட வேண்டியிருந்து, கிடைக்கும் நன்மை பெரும்பாலும் ஆள் கூடுவதையோ கட்டும் பணம் கூடுவதையோ நம்பியிருந்தால் அது குற்றம். நடத்துகிறவர் மட்டுமல்ல, விளம்பரம் செய்து ஊக்குவிக்கிறவரும் மாட்டிக்கொள்வார். ஹட்டனிலோ மன்னாரிலோ மண்டபம் பிடித்துக் கூட்டம் நடத்தும் நம் பையன்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும். மேலே இருப்பவர் வெளிநாட்டில் இருப்பார், பொலிஸ் முதலில் வந்து நிற்பது லயத்து வாசலில்.

ஆசைப்பட்டதால் ஏமாந்தார்கள் என்று சங்கத்திலேயே சிலர் பேசுகிறார்கள். அதை நாம் ஏற்கவில்லை. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கு 2021 வரை இழுத்தடித்தார்கள். அடிப்படைச் சம்பளம் 1,350 ஆக 2024 செப்டம்பர் வரை காத்திருந்தோம். பேர் குறைந்த மாதத்தில் கடைக் கடனுக்கே பத்தாது. பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு நாலு காசு சம்பாதிக்க ஒரு தாய் நினைப்பது பேராசையா? ஓய்வு பெறும் நாளில் கைக்கு வரும் பணத்தை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொடுக்க சங்கமும் ஆள் அனுப்பவில்லை. அது நம் தவறு.

இனி, சேமலாபப் படிவம் நிரப்ப வருபவரிடம் தோட்டக் கமிட்டி இதையும் பேசும். ஏற்கனவே கட்டியவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். பற்றுச்சீட்டு, வங்கிச் சிலிப், போனில் வந்த செய்திகள் எதையும் அழிக்காமல் தலைவரிடம் கொண்டுவாருங்கள். பொலிசுக்கும் மத்திய வங்கிக்கும் முறைப்பாட்டை எழுதித் தருகிறோம். அந்த அம்மாவின் முறைப்பாட்டை எழுதியாகிவிட்டது. முருங்கன் பையனும் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறான்.