கணிதமும் கைத்தொழிலும்

கணிதம் பரீக்ஷைக்கு மட்டுமே உரிய வித்தை என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது. இது பெருந்தவறு. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையார் 1968-ம் ஆண்டிலேயே தொழில் நிலையத்தாரை அழைத்து, அவர்தம் சிக்கல்களைக் கணித நிபுணர் முன் வைக்கச் செய்தனர். அமெரிக்காவில் ஹார்வி மட் கலாசாலை 1973-ல் மேலும் ஒருபடி சென்றது. அங்கே மாணவர்களே குழுவாகக் கூடி, ஆசிரியர் மேற்பார்வையில், ஒரு கம்பெனியின் சிக்கலை ஆண்டு முழுதும் ஆராய்ந்து ஆலோசனை கூறுகின்றனர். கம்பெனியும் அதற்குக் கட்டணம் செலுத்துகிறது.

நம்மிடம் புத்திக்குப் பஞ்சமா? சென்னைத் துறைமுகத்தில் 1912-ல் குமாஸ்தாவாக அமர்ந்த ராமானுஜனை உலகமே அறியும். பெருமுக்கல்லிலிருந்து திண்டிவனம் அரசுக் கல்லூரிக்குச் சென்று கணிதம் பயிலும் பிள்ளையும் குமாஸ்தா வேலையையே நாடி நிற்க வேண்டுமா? நெல் அரைவை ஆலைக்கு எப்பொழுது எவ்வளவு நெல் வாங்கி இருப்பு வைப்பது, எத்தனை லாரிகளை எவ்வழியே அனுப்புவது என்பனவெல்லாம் கணிதமன்றி வேறென்ன?

கல்லூரிகள் இவ்வேலையைப் பாடத்தின் அங்கமாக ஏற்க வேண்டும். ஆலை அதிபர்கள் தங்கள் கணக்குகளை ஒளிக்காமல் மாணவர் கையில் தரவேண்டும். உழைப்புக்கு ஊதியமும் அளிக்க வேண்டும். படிப்பின் பெயரால் இனாமாக வேலை வாங்குவது கல்வியாகாது; அது சுரண்டலே என்போம்.