கோட் சூட் குருமார்கள்

முகூர்த்த நாள் குறித்தாகிவிட்டது. மண்டபம், சமையல், நாதஸ்வரம் எல்லாவற்றையும் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மாப்பிள்ளைக்கு ஒரே கவலை, வரவேற்புக்குப் போட வேண்டிய கோட் சூட். அதுவரை கோட்டுக்குள் கை நுழைத்தறியாதவர். சம்பளத்தில் கணிசமான தொகை கரையப்போகிறது. ஆல்பத்தில் அந்தக் கோலம் பேரன் காலம் வரை இருக்கும். யாரிடம் கேட்பது?

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இதற்கு மூன்றே பதில்கள்: தெருமுனை டெய்லர், வெள்ளித்திரை நாயகன், பம்பாயில் வேலை பார்க்கும் அண்ணன். மூவர் சொன்னதும் ஒத்துப்போகாது. ஆனாலும் காரியம் நடந்தது. இன்று கைபேசியைத் திறந்தால் ஆயிரம் குருமார்கள். ஒருவர் கறுப்பு சூட்டே கூடாது என்கிறார். இன்னொருவர் கறுப்புதான் பாதுகாப்பு என்கிறார். மூன்றாமவர் பேச்சை நடுவில் நிறுத்தி, தாடி எண்ணெய் விற்கிறார்.

இந்தத் தாடி எண்ணெயில் ஒரு சரித்திரத் தொடர்ச்சி இருக்கிறது. ஆண்களுக்கு உடை யோசனை சொல்லும் பத்திரிகைத் தொழிலே கடைக்காரர்களிடம் பிறந்ததுதான். 1931இல் அமெரிக்காவில் 'அப்பேரல் ஆர்ட்ஸ்' என்ற ஏடு தொடங்கப்பட்டது, துணி வியாபாரிகளுக்காக. வாடிக்கையாளரிடம் எதைக் காட்டி எப்படிப் பேசுவது என்பதற்கான கையேடு அது. கடைக்கு வந்தவர்கள் அதை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்ததும், பொதுவாசகருக்காகவே 1933இல் 'எஸ்கொயர்' பிறந்தது. 'அப்பேரல் ஆர்ட்ஸ்' 1957இல் உருமாறி, இன்று 'ஜிக்யூ' என்று உலகம் சுற்றுகிறது. அதன் இந்தியப் பதிப்பு 2008இல் வந்தது. இந்தப் பளபளப்புத் தாள்களில் படங்கள் நன்றாக இருக்கும். வண்ணச் சேர்க்கை பற்றி ஒரு கண் பழக்கம் வரும். ஆனால் எது மோசமான துணி என்று அங்கே தேடிப் பயனில்லை. மோசமான துணியைத் தயாரிப்பவரும் ஒருநாள் விளம்பரம் தரக்கூடும் அல்லவா?

இதற்கு நேர் எதிர், தனிமனிதர்கள் எழுதும் நீண்ட கட்டுரைகள். லண்டனில் சைமன் கிராம்ப்டன் 2007இல் தொடங்கிய 'பர்மனென்ட் ஸ்டைல்' ஒரு உதாரணம். அமெரிக்காவின் டெரெக் கை இன்னொருவர். 2023 தொடக்கத்தில், அவரைத் தேடாதவர்களின் ட்விட்டர் பக்கங்களிலும் அவர் வந்து நின்றார். அரசியல்வாதிகளின் கோட்டில் என்ன கோளாறு என்று படம் போட்டு விளக்குவது அவர் வழக்கம். இவர்களிடம் பாராட்டத்தக்கது, காரணம் சொல்கிறார்கள் என்பதே. 'இது நன்றாயில்லை' என்று நிறுத்துவதில்லை. கோட்டின் காலர் சட்டைக் காலரை ஒட்டி உட்காராமல் பின்கழுத்தில் விலகி நிற்கிறதா, பொத்தானைப் போட்டதும் வயிற்றருகே துணி எக்ஸ் வடிவில் இழுபடுகிறதா, முதுகில் குறுக்கே மடிப்பு விழுகிறதா என்று கண்ணுக்குக் கற்றுத்தருகிறார்கள். படித்த பிறகு கல்யாண ஆல்பங்களைப் பார்ப்பது கொஞ்சம் சங்கடமான அனுபவமாகிவிடும் என்பது வேறு விஷயம்.

குறை என்ன? அவர்கள் ஊரில் குளிர். பர்ஸும் கனம். கம்பளி ஓவர்கோட்டுக்குள் ஸ்வெட்டர், அதற்குள் சட்டை என்று அடுக்குவது தில்லியின் ஜனவரிக்கு உதவும். சென்னையின் மே மாத வரவேற்பில் மாப்பிள்ளை மயங்கி விழ வேண்டியதுதான். ஆனால் வெயிலைப் பற்றி அவர்கள் எழுதுவதைத் தேடிப் படித்தால் பயன் உண்டு. கம்பளி என்றாலே சூடு என்பது தவறான எண்ணம். சாதா நெசவில், இழைகளுக்கு நடுவே காற்று போகும்படி நெய்த மெல்லிய கம்பளி, பாலியஸ்டர் கலந்த துணியைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். லினன் இன்னும் சுகம், கசங்கும் என்பதை ஏற்றுக்கொண்டால். முக்கியமானது லைனிங். உள்பக்கம் முழுக்க பாலியஸ்டர் லைனிங் என்றால், மேல்துணி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் உள்ளே ஆவிக்குளியல்தான். தோளுக்கும் கைக்கும் மட்டும் லைனிங் போதும் என்று கேட்டு வாங்கலாம். நம்மூர் விற்பனையாளர்கள் தாமாக இதைச் சொல்வது அபூர்வம்.

அவர்கள் சொல்வது 'சூப்பர்' கணக்கு. சூப்பர் 100, சூப்பர் 120, சூப்பர் 150. எண் ஏற ஏற விலை ஏறும். தரமும் ஏறுகிறது என்று வாங்குபவர் நினைத்துக்கொள்கிறார். சர்வதேச கம்பளி ஜவுளி அமைப்பின் விதிப்படி இந்த எண், இழை எவ்வளவு மெல்லியது என்பதை மட்டுமே குறிக்கிறது. சூப்பர் 100 என்றால் இழையின் சராசரி விட்டம் 18.75 மைக்ரானுக்கு மிகாமல் இருக்க வேண்டும். சூப்பர் 150க்கு 16.25 மைக்ரான். மெல்லிய இழை தொட்டால் பட்டுப்போல் இருக்கும். சீக்கிரம் கசங்கும், சீக்கிரம் தேயும். வருடத்தில் பத்து முறை போட வேண்டிய கோட்டுக்கு சின்ன எண்ணே மேல்.

உள்ளூர் வீடியோக்காரர்கள் பக்கம் வந்தால், அவர்களுடைய பலம் விலை. ஆயிரம் ரூபாய்க்குள் சட்டை, இரண்டாயிரத்துக்குள் ஷூ என்று நம் பட்ஜெட்டில் பேசுகிறார்கள். முதல் சம்பளம் வாங்கிய பையனுக்கு லண்டன்காரரின் கைத்தையல் ஷூ எதற்கு? ஆனால் வீடியோவின் கீழே இருக்கும் இணைப்பை அழுத்தி வாங்கினால் சொன்னவருக்கு கமிஷன் போவதுண்டு. அது குற்றமில்லை. மறைப்பதுதான் குற்றம். விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021 ஜூன் முதல், காசு வாங்கிச் செய்யும் பதிவுகளில் அதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று நெறிமுறை கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் விதிமுறைகளை வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. ஆகவே வீடியோவில் முதலில் பார்க்க வேண்டியது சட்டையை அல்ல, 'பெய்ட்' என்ற குட்டி எழுத்து இருக்கிறதா என்பதை.

இன்னொரு வியாதியும் இவர்களில் சிலரிடம் உண்டு. 'கறுப்பு நிறத்தவர் தவிர்க்க வேண்டிய வண்ணங்கள்' என்று பட்டியல் போடுகிறார்கள். ஆண்களுக்கென்றே சிவப்பழகு கிரீம் 2005இல் சந்தைக்கு வந்த நாடு இது. அதே மனநோய் இப்போது சட்டை வழியாக வருகிறது. அமெரிக்கரான ஆலன் ஃப்ளஸ்ஸர் 2002இல் எழுதிய 'டிரெஸ்ஸிங் த மேன்' புத்தகம் இதை வேறு விதமாக அணுகுகிறது. முடிக்கும் முகத்துக்கும் இடையே நிற வேறுபாடு அதிகமா குறைவா என்று பார்த்து, உடையிலும் அதே அளவு வேறுபாடு இருக்கட்டும் என்கிறது. எந்த நிறத்தையும் குறையாகப் பேசாமலே யோசனை சொல்ல முடியும் என்பதற்கு இது சாட்சி. மாநிறத்தவருக்கு மஞ்சள் எடுக்காது என்பவர் நம் ஊர்க் கல்யாணங்களுக்குப் போகாதவராக இருக்க வேண்டும்.

உடம்பின் அளவு விஷயத்தில் எல்லா குருமார்களும் தடுமாறுகிறார்கள். 'மீடியம் வாங்குங்கள்' என்கிறார்கள். யாருடைய மீடியம்? நம் ரெடிமேட் உடைகளின் அளவுகள் பெரும்பாலும் பிரிட்டிஷ், அமெரிக்க அளவுகளைத் தழுவியவை. இந்திய உடம்புக்கென்று அளவுப் பட்டியல் தயாரிக்க, தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகம் 6 நகரங்களில் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரால் அளக்கும் திட்டம் 2018இல் அறிவிக்கப்பட்டது. சுதந்திரம் வந்து எழுபது ஆண்டுகள் கழித்துத்தான் அந்த நினைப்பே வந்திருக்கிறது.

ரசனையில் அடித்துக்கொள்ளும் இந்த குருமார்கள், விஷயம் தெரிந்தவர்களாக இருந்தால், பொருத்தத்தில் ஒன்றுபடுகிறார்கள். தோள் சரியாக இருக்க வேண்டும். கோட்டின் தோள் தையல் உங்கள் தோள் முடியும் இடத்தில் முடிய வேண்டும். இடுப்பைப் பிடிக்கலாம், கை நீளத்தைக் குறைக்கலாம், பேன்ட் உயரத்தை மாற்றலாம். தோளை மாற்றுவது கிட்டத்தட்ட புதுக் கோட் தைப்பதற்குச் சமம். கடைசிப் பொத்தானைப் போடக்கூடாது. சட்டையின் கை கோட்டுக்கு வெளியே அரை அங்குலம் போல் தெரியலாம். கோட்டின் முன்பக்கத்துக்குள் பசை போட்டு ஒட்டிய துணியைவிட, தைத்துச் சேர்த்த கேன்வாஸ் நெடுநாள் உழைக்கும். பசை ரகம் சில டிரை கிளீனிங்குக்குப் பிறகு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பலாம்.

வேட்டி விஷயத்தில் மேல்நாட்டு குருமார்கள் வாய் திறப்பதில்லை. நாமாவது அதற்கு மரியாதை கொடுத்தோமா என்றால், 2014 ஜூலையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே சென்னையின் கிரிக்கெட் கிளப் ஒன்று உள்ளே விடவில்லை. அப்படித் தடுத்தால் கிளப்பின் உரிமத்தையே ரத்து செய்யலாம் என்று அடுத்த மாதமே சட்டசபை சட்டம் இயற்ற வேண்டி வந்தது.

மாப்பிள்ளை விஷயத்துக்கு வருவோம். அளவெடுத்துத் தைக்கும் டெய்லர் மேல்நாட்டில் ஆடம்பரம். இங்கே அவர் இன்னும் தெருவுக்குத் தெரு இருக்கிறார். அவருக்கு வேண்டியது வீடியோ அல்ல, நாள். வரவேற்புக்கு முந்தின வாரம் போய் நின்றால் ஒரு ட்ரையலோடு முடித்துவிடுவார். ஒன்றரை மாதம் முன்பே துணியைக் கொடுத்தால் இரண்டு ட்ரையலுக்கு இடம் கிடைக்கும். அன்று போடப்போகும் அதே சட்டையையும் ஷூவையும் அணிந்துகொண்டு ட்ரையலுக்குப் போவது உத்தமம். கண்ணாடி முன்னால் விறைத்து நிற்காமல் கையைத் தூக்கி, உட்கார்ந்து எழுந்து பார்க்க வேண்டும். வரவேற்பில் மூன்று மணி நேரம் செய்யப்போவது அதைத்தான்.