பாட்டுப் பெட்டி வாங்கப் போனோம்

புடவை எடுக்கப் போனால் நாலு கடை ஏறி இறங்குகிறோம். முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம். கத்தரிக்காய் வாங்கினால் கூடக் காம்பைத் திருப்பிப் பார்க்காமல் கூடையில் போடுவதில்லை. ஆனால் மின்சாரச் சாமான் என்று வந்துவிட்டால் மட்டும் நமக்கு என்னவோ ஆகிவிடுகிறது. கடைக்காரர் சொல்வதே வேதவாக்கு! பெட்டியின் மேல் அச்சடித்த படத்தைப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்து விடுகிறோம்.

இந்த வாரம் அப்படி ஒரு சாமானைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். ஸி.டி. ப்ளேயர். "அதெல்லாம் இப்போது யார் வைத்திருக்கிறார்கள்?" என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே! உங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து பாருங்கள். கொலுப் பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் ஐம்பது தட்டாவது தூங்கிக் கொண்டிருக்கும்.

ஆவடியில் எங்கள் எதிர் வீட்டில் ஒரு மாமி இருக்கிறார். அவருடைய கணவர் இங்குள்ள ஹெவி வெஹிகிள்ஸ் பாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1961-ல் ஆரம்பித்து, 1965-ல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய தொழிற்சாலை அது. "பகலெல்லாம் இரும்புச் சத்தம் கேட்ட காதுக்கு ராத்திரி ஒரு தோடி வேண்டும்" என்பாராம் மாமா. காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. அவர் வைத்துவிட்டுப் போனது ஒரு ஆம்ப்ளிபயர், தையல் மெஷின் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள், ஒரு ஸி.டி. ப்ளேயர், இருநூறு சொச்சம் தட்டுகள். மதுரை மணி ஐயரும் ராஜரத்தினம் பிள்ளையும் ஒரு தட்டில். இளையராஜா அடுத்த தட்டில். மாமாவுக்குப் பேதம் கிடையாது.

தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் அந்த ப்ளேயர் நின்றுவிட்டது. தட்டை விழுங்கும்; இரண்டு சுற்றுச் சுற்றும்; "தட்டு இல்லை" என்று எழுத்துக் காட்டும். போட்ட தட்டை இல்லை என்று சாதிக்கிற யந்திரத்திடம் யார் வாதாடுவது?

பெங்களூரில் இருக்கும் பிள்ளைக்கு மாமி போன் செய்தார்.

"அதெல்லாம் எதுக்கும்மா? எல்லாப் பாட்டும் போன்லயே வரதே" என்றான் அவன். ஆனாலும் நல்ல பிள்ளை. அம்மா மனசு வாடக் கூடாதென்று அன்றைக்கே புதிதாக ஒரு பெட்டிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டான். ஒன்பதாயிரம் ரூபாய். ரேடியோ உண்டு, யு.எஸ்.பி. உண்டு, ஸி.டி. உண்டு, பாட்டுக்குத் தகுந்தாற்போல் பச்சையும் சிவப்புமாக விளக்கு எரியும். ஸ்பீக்கர் அதற்குள்ளேயே. ஆகவே மாமாவின் ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கர்களும் மூலைக்குப் போயின.

இரண்டு நாள் கழித்து மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கைக்குட்டை. அதற்குள் ஒரு தட்டு. அதன் மேல் பேனாவால் "அறுபது" என்று எழுதியிருந்தது.

"இதை மட்டும் அந்தப் பெட்டி பாடமாட்டேங்கறதுடி. மத்ததெல்லாம் பாடறது."

விஷயம் இதுதான். 2007-ல் மாமாவின் சஷ்டியப்தபூர்த்தி. அன்று சாயங்காலம் எல்லாரும் வற்புறுத்தவே மாமாவே உட்கார்ந்து நாலு கீர்த்தனம் பாடினார். அடுத்த தெருப் பையன் ஒருவன் அதைப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் ஒரு ஸி.டி. எழுதிக் கொடுத்தான். பையன் வெளிநாடு போய்விட்டான். கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பது இந்த ஒரு தட்டு.

"எல்லாம் போன்ல வரதுங்கறானே, இது வருமோ?" என்று கேட்டார் மாமி.

நான் பதில் சொல்லவில்லை. "பெட்டியைத் திருப்பி அனுப்ப இன்னும் நாள் இருக்கு மாமி. முதலில் அதைச் செய்யுங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு தட்டைப் பாடுகிற யந்திரம் இன்னொன்றை ஏன் பாட மறுக்கிறது? ஸி.டி. என்பது 12 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தட்டு. பிலிப்ஸ், ஸோனி என்ற இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து வகுத்து, 1982-ல் கடைக்கு வந்தது. கிராமபோன் தட்டில் ஊசி உரசிப் பாடும். இதில் உரசல் கிடையாது. ஒரு நொடி சங்கீதத்தை 44,100 துண்டாக அளந்து, அந்த எண்களைக் கண்ணுக்குத் தெரியாத குழிகளாகத் தட்டில் பதித்திருக்கிறார்கள். குழிகளின் வரிசையை நீட்டிப் பிடித்தால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகும்! லேசர் ஒளி அதன் மேல் பட்டுத் திரும்புவதை ஒரு கண் பார்த்துப் படிக்கிறது. அந்த எண்களை மீண்டும் ஒலியாக்கி ஆம்ப்ளிபயருக்கு அனுப்புவதுதான் ப்ளேயரின் வேலை.

கடையில் வாங்கும் தட்டில் குழிகள் அச்சில் அழுத்தப்பட்டவை. வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுதியதில் குழியே இல்லை. ஒரு சாயப் பூச்சை லேசர் சுட்டு அடையாளம் வைத்திருக்கிறது. சாயப் புடவை வெயிலில் வெளுக்கிற மாதிரி இந்தச் சாயமும் வருஷங்களில் மங்கும். கூர்மையான கண்ணுள்ள ப்ளேயர் அதைப் படித்துவிடும். மந்தக் கண் கைவிரித்துவிடும். மாமியின் புதுப் பெட்டிக்கு விளக்கு பிரமாதம், கண்தான் மந்தம்.

பெட்டி திரும்பிப் போயிற்று. பழைய ப்ளேயரை முதலில் உள்ளூர் ரிப்பேர்க்காரரிடம் காட்டினோம். இது அவசியம், சகோதரிகளே! பல சமயம் லென்ஸில் தூசிதான் படிந்திருக்கும். அல்லது தட்டை உள்ளே இழுக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். இரண்டும் சில்லறைச் செலவு. நமக்கு அந்த அதிருஷ்டம் இல்லை. லேசர்க் கண்ணே தேய்ந்துவிட்டது. மாற்றுவதற்குப் பொருத்தமான பாகம் கிடைக்கவில்லை.

"வேறே வாங்கிடலாம். ஆனா என் பென்ஷன்லேருந்துதான். ஐயாயிரத்துக்கு மேலே ஒரு பைசா கிடையாது" என்றார் மாமி. 1955 ஜனவரியில் இதே ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது உங்களுக்குத் தெரியும். மாமியின் வரவு செலவுத் திட்டமும் அந்த வழிதான்.

ஆவடியில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் இறங்கலாம். பழைய புஸ்தகமும் பழைய கிராமபோன் தட்டும் குவிந்து கிடந்த மூர் மார்க்கெட் 1985-ல் தீப்பற்றி எரிந்து போயிற்று. பெயர் மட்டும் ரயில் நிலையத்துக்கு மிஞ்சியிருக்கிறது. "மாமா அங்கேதான் தட்டுத் தேடுவார்" என்றார் மாமி. அங்கிருந்து ஆட்டோவில் மவுண்ட் ரோடுப் பக்கம் போனால் ரிச்சி ஸ்ட்ரீட்.

முதல் கடையில், "ஸி.டி. ப்ளேயரா? புதுசு வேணும்னா யமஹா, மராண்ட்ஸ், டெனான்னு இருக்கு" என்று விலை சொன்னார்கள். பத்தாயிரக் கணக்கு! நல்ல சாமான்கள்தான். ஆனால் மாமியின் பென்ஷனுக்கு அவை தூரத்து உறவு.

இரண்டாவது கடைக்காரர் பளபளவென்று ஒரு புது டி.வி.டி. ப்ளேயரை எடுத்து வைத்தார். டி.வி.டி. ப்ளேயர் படமும் காட்டும், ஸி.டி.யும் பாடும், விலையும் குறைவு. மாமிக்கு ஒரே சந்தோஷம். நான் பெட்டியைத் திருப்பி முதுகைப் பார்த்தேன். டெலிவிஷனுக்குப் போகும் ஹெச்.டி.எம்.ஐ. துவாரம் ஒன்று மட்டும் இருந்தது. ஆம்ப்ளிபயருக்கு வேண்டிய சிவப்பு, வெள்ளைத் துவாரங்கள் இல்லை. முன்பக்கத்தில் பாட்டு நம்பர் காட்டும் ஜன்னலும் இல்லை. மூன்றாவது பாட்டைப் போடவேண்டுமென்றால் டெலிவிஷனைத் திறந்து பார்த்துத்தான் போட வேண்டும்! விடியற்காலையில் சுப்ரபாதம் போட இத்தனை வைபவமா?

மூன்றாவது கடை, ஒரு மாடிப்படிக்குக் கீழே. இருபத்தைந்து வயசுப் பையன். பழைய சாமான்களைச் செப்பனிட்டு விற்பவன். பேர் பெற்ற கம்பெனியின் பழைய டி.வி.டி. ப்ளேயர் ஒன்றை எடுத்தான். முதுகில் சிவப்பும் வெள்ளையும் இருந்தன, முகத்தில் நம்பர் ஜன்னல் இருந்தது, ரிமோட்டும் இருந்தது. 1,800 ரூபாய் என்றான்.

"தட்டு போட்டுக் காட்டுப்பா" என்றேன். அவன் தன் சினிமாத் தட்டு ஒன்றை எடுத்தான்.

"அது வேண்டாம். எங்க தட்டு இருக்கு" என்று மாமி கைக்குட்டையைப் பிரித்தார்.

பெட்டி விழுங்கிற்று. சுற்றிற்று. மாமி கண்ணை மூடிக் கொண்டார். நானும்தான். சற்று இரைச்சல்; யாரோ இருமினார்கள்; ஒரு குழந்தை சிணுங்கிற்று. பிறகு மாமாவின் குரல், "சுருதி சரியா இருக்கா?" என்று கேட்டது.

கடைப் பையன் ஸ்பீக்கரின் சத்தத்தைத் தானாகவே கொஞ்சம் உயர்த்தினான். பக்கத்துக் கடையில் பேரம் பேசிக் கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். மாமி ஒன்றும் பேசவில்லை. மூன்று பாட்டு முழுதாக வந்தது. நான்காவதில், ஒரே சொல்லில் குரல் திக்கித் திக்கி நின்றுவிட்டது.

"அம்மா, ஸி.டி. உள்ளேர்ந்து வெளியே படிக்கும். கடைசிப் பாட்டு ஓரத்துல இருக்கும். கை படுற இடம் அதானே" என்றான் பையன். மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடைத்தான். மறுபடி போட்டான். ஓர் இடத்தில் மட்டும் தாண்டிக் குதித்து, மங்களம் வரை போய் முடிந்தது.

"பரவாயில்லை. அந்த எடத்துல அவர் நிஜமாவே தடுக்கினார்" என்றார் மாமி.

அன்று ராத்திரியே என் பெண் தன் கம்ப்யூட்டரில் தட்டைப் பிரதி எடுத்து மூன்று இடங்களில் வைத்தாள். அதற்கப்புறம்தான் ப்ளேயரை ஆம்ப்ளிபயரோடு பூட்டினோம்.

இனி, நீங்கள் கடைக்குப் போகும்போது நினைவில் வைக்க வேண்டியவை:

1. வீட்டில் எது கெட்டது என்று முதலில் பாருங்கள். ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் நன்றாயிருந்தால் ப்ளேயர் மட்டும் போதும். அடுப்பில் ஒரு பர்னர் அடைத்தால் சமையலறையையே மாற்றுவோமா?

2. உங்கள் தட்டுகளையே கொண்டு போங்கள். ஒன்று புதுசு, ஒன்று கீறல் விழுந்தது, ஒன்று வீட்டில் எழுதியது. மூன்றையும் பாடினால் வாங்குங்கள். கடைசிப் பாட்டையும் போட்டுக் கேளுங்கள்.

3. நூற்றைம்பது பாட்டு அடங்கிய எம்.பி.3 தட்டுகள் உங்களிடம் இருந்தால் அதையும் சோதியுங்கள். எல்லா ஸி.டி. ப்ளேயரும் அதைப் படிக்காது, டி.வி.டி. ப்ளேயர்கள் பெரும்பாலும் படிக்கும்.

4. முதுகில் சிவப்பு, வெள்ளைத் துவாரம். முகத்தில் நம்பர் ஜன்னல். இரண்டும் இல்லையேல் நமஸ்காரம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

5. ஒயரை ஆம்ப்ளிபயரில் 'ஸி.டி.' அல்லது 'ஆக்ஸ்' என்று எழுதிய இடத்தில் சொருகுங்கள். சிவப்பு வலது, வெள்ளை இடது. 'போனோ' என்று எழுதியிருப்பது கிராமபோன் தட்டுக்கு உரியது. அதில் சொருகினால் பாட்டு அலறும்.

6. மிச்சமான பணத்தில் விலை உயர்ந்த ஒயர் வாங்காதீர்கள். சாதாரண ஹாலில் ஸ்பீக்கரை அலமாரி மூலையிலிருந்து வெளியே எடுத்து, உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் வைத்தாலே பாட்டு தெளியும். செலவு ஒன்றுமில்லை.

7. தட்டை வெயில் படும் ஷோகேஸில் வைக்காதீர்கள். துடைத்தால் நேர்கோடாகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். பெயர் எழுதிய மேல் பக்கத்தையும் கீறாதீர்கள். பளபளப்புப் பூச்சு அதற்கு அடியில்தான் இருக்கிறது. அது போனால் பாட்டும் போயிற்று.

8. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டு மனிதர்களின் குரல் உள்ள தட்டு இருந்தால், ப்ளேயர் வாங்குவதற்கு முன்னால் அதைப் பிரதி எடுத்துவிடுங்கள். கடைத் தட்டு போனால் வேறு வாங்கலாம்.

மறுநாள் என் பெண் அந்தப் பாட்டுகளை மாமியின் பிள்ளைக்கு அனுப்பி வைத்தாள். சாயங்காலம் அவன் போன் செய்தான். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லையாம். "அம்மா, அந்த இருமல் தாத்தாவோடதுதானே?" என்று மட்டும் கேட்டானாம்.

"ஆமாண்டா. இப்போ உன் போன்லயும் வரது பார்" என்றாராம் மாமி.

மீதி 3,200 ரூபாயில் என்ன செய்வதென்று இன்னும் மாமி முடிவு செய்யவில்லை. டிசம்பர் ஸீஸன் வருகிறது. ரயிலேறி ஒரு கச்சேரிக்குப் போய் வரலாம் என்று நான் சொல்லியிருக்கிறேன்.